ஒற்றையாகக் கேட்டு வாங்கிய கழுதை

மூன்று வருடங்களுக்கு முன், உகாதியை ஒட்டிய நான்கு நாட்களில் இது நடந்தது. ஓசூருக்குப் பக்கத்தில், கெலவரப்பள்ளி அணைக் கால்வாயின் ஓரமாக எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. சம்பவம் நடந்த இடம் அதுதான்.

நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. விருதுநகர் பக்கத்திலிருந்து என் கணவரின் வேலைக்காக வந்தவர்கள். அவர் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் பதினான்கு வருடம் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வேலை பார்த்தேன். வரும் செய்திகளைத் திருத்துவது, படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது, வரி விளம்பரங்கள் பத்தியில் அடங்குகின்றனவா என்று பார்ப்பது ஆகியவை என் வேலை. அதை விட்ட பிறகு மேச்சேரி ஆடுகள் இருபத்திரண்டு வாங்கி வளர்க்க ஆரம்பித்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ரோஜா போட்டிருப்பவர் இன்றுவரை என்னை 'பேப்பர் மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆடு வளர்ப்பில் எனக்கு வந்த ஒரே பெரிய தொல்லை நாய்கள். சர்வீஸ் ரோட்டுப் பாலத்தடியில் கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதைத் தின்று பழகிய நாய்கள் எட்டு, ஒன்பது என்று கூட்டமாகத் திரியும். கழிவு வராத நாட்களில் அவை எங்கள் பக்கம் வரும். ஒரே மழைக்காலத்தில் ஐந்து குட்டிகள் போயின. ஒரு பெரிய பெட்டையாடு காது கிழிந்து தப்பித்தது. நிலம் முழுவதற்கும் கம்பி வலை போடுவது அப்போது எங்களால் ஆகிற காரியமாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு ஆட்டுப் பண்ணைகளைப் பற்றிய ஒரு கட்டுரையை இணையத்தில் படித்தேன். கழுதைக்கு நாயைக் கண்டால் ஆகாது, துரத்தும், உதைக்கும். எனவே மந்தையோடு ஒரு கழுதையை விட்டுவைப்பது அங்கே வழக்கம் என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்த வரிதான் முக்கியம். ஒரு கழுதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு ஆடுகளைக் கவனிக்காது. இந்த வரியை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஓசூரில் கழுதைக்கு அலைய வேண்டியதில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருக்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு பெண் கழுதையை ஓட்டிக்கொண்டு, "கழுதப் பாலு, கழுதப் பாலே" என்று கூவியபடி வருவாள். கைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசலிலேயே கறந்து ஒரு சங்கு ஊற்றிவிட்டுப் போவாள். தெலுங்கு பேசுகிறவள். தமிழும் கன்னடமும் வேண்டிய அளவுக்குக் கலந்து வரும். பால் வற்றிய பெட்டைக் கழுதைகள் இரண்டு தன்னிடம் இருப்பதாகச் சொன்னாள். ஒன்று போதும் என்றேன்.

"வொத்தும்மா. ஒண்ணு மட்டும் வாணாம். அக்கா தங்கச்சிம்மா அதுங்க. எடுத்தா ரெண்டா எடு."

"எனக்கு ஒண்ணுதாம்மா வேணும்."

"ஒண்ணா இருந்தா மனசு ஒடைஞ்சி போயிடும்மா. சொன்னா கேளு."

ஒன்று கேட்பவளிடம் இரண்டைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் நோட்டில் அடிக்கோடிட்ட வரி வேறு இருந்தது. அரை மணி நேரம் விடாமல் பேசி, கடைசியில் ஒற்றைக் கழுதையைத்தான் வாங்கினேன். அவள் கயிற்றை என் கையில் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விலை குறைந்துவிட்ட கோபம் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

கழுதை வந்த அன்று பக்கத்துத் தோட்டக்காரர் வேலி ஓரமாக வந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னா பேப்பர் மேடம், உங்க ஊர்ல ஆடு மேய்க்கறதுக்கு கழுத வைப்பாங்களா?"

"காவலுக்கு அண்ணா. நாய் வராது."

"ஓ, செக்யூரிட்டியா! அப்ப யூனிபாரம் ஒண்ணு தெச்சிடுங்க."

முதல் பத்து நாள் அது ஓயாமல் கத்தியது. பிறகு அடங்கிவிட்டது. காலையில் முதல் ஷிப்ட் பஸ்கள் கால்வாய்ச் சாலையில் போனதும் ஒரே ஒரு தடவை கத்தும், அவ்வளவுதான். மெல்ல மெல்ல மந்தையோடு சேர்ந்துகொண்டது. குறிப்பாக, காது கிழிந்த அந்தக் கிழட்டு ஆட்டோடு. மத்தியான வெயிலில் அந்த ஆடு கழுதையின் வயிற்றுக்கடியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். நிழல் நகரக்கூடாது என்பதுபோலக் கழுதையும் அசையாமல் நிற்கும். ஆடு நகர்ந்தால்தான் கழுதை நகரும். பார்க்க வேடிக்கையாக இருந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

நாய் விஷயத்தில் கட்டுரை சொன்னது அப்படியே நடந்தது. ஒரு காலையில் மூன்று நாய்கள் கால்வாய்க் கரையேறி வந்தன. கழுதை காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி ஓடியது. முன்னால் வந்த நாய் உதை வாங்கிக் கால்வாய்க்குள் விழுந்தது. அதன் பிறகு ஒன்றரை வருடம் ஒரு குட்டியைக்கூட இழக்கவில்லை.

இரண்டு கழுதை வைத்திருந்தால் இப்படிக் காவல் காத்திருக்காது என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எங்க ப்ளான்ட்லயும் அதே கததான்," என்று சிரித்தார். "ஊர்லருந்து தனியா வந்து ரூம்ல கெடக்கிற ஆளுகளத்தான் நைட் ஷிப்டுக்குப் போடுவோம். பொண்டாட்டி புள்ளைன்னு வந்துட்டா லீவு கேக்க ஆரம்பிச்சிருவாங்கெ."

நானும் சிரித்தேன்.

அந்த வருடம் உகாதி வந்தது. பண்டிகைக்கு மறுநாள் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கறி சமைப்பார்கள். அதனால் முந்தின நாட்களில் ஆட்டு வியாபாரிகள் தோட்டம் தோட்டமாக வருவார்கள். காது கிழிந்த ஆடு இரண்டு ஈத்தாகக் குட்டி போடவில்லை. பல்லும் தேய்ந்துவிட்டது. உகாதிக்கு முதல் நாள் காலையில் வியாபாரியிடம் கொடுத்தேன். ஆட்டுக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். வண்டி புறப்பட்டதும் கழுதை கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடியது. வண்டி மறைந்த பிறகும் அங்கேயே நின்றது.

உகாதி அன்றும் நின்றது. நான் காபியோடு வெளியே வந்தபோது, கேட்டருகே காதுகளை நிமிர்த்திக்கொண்டு அது சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஆடுகள். அதற்கும் பின்னால் கால்வாய்க்கரை வெளிச்சம். நல்ல படம். எடுத்து, 'பண்டிகை நாளிலும் டியூட்டியில்' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் நாத்தனார், 'என்னைப் பார் யோகம் வரும்' என்று பதில் போட்டிருந்தாள். கடைகளில் கழுதைப் படத்தோடு மாட்டியிருப்பார்களே, அந்த வாசகம். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்களுக்கும் ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பு வந்தது. சாப்பிட்டோம். மத்தியானம் கொட்டகையைக் கூட்டப் போனபோதுதான் கவனித்தேன். கழுதைக்குப் போட்டிருந்த கேழ்வரகுத் தாள் போட்டபடியே கிடந்தது. முந்தின நாள் போட்டது அதன் அடியில். விட்டை மூன்றே மூன்று உருண்டைகள், காய்ந்து, மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வெல்லம் கொண்டுபோய் நீட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலையில் கால்நடை மருத்துவர் வந்தார். வாயைத் திறந்து பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், கழுத்து மேட்டுக் கொழுப்பைப் பிடித்து அசைத்தார்.

"நல்லா ஊட்டி வளத்திருக்கீங்கம்மா. அதான் இப்ப பிரச்சன. கொழுத்த கழுத பட்டினி கெடந்தா, ஒடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா ரத்தத்துல எறங்கிடும். ஈரல் தாங்காது. நாலு நாள், அஞ்சு நாள். அதுக்குள்ள வாய் வெக்கணும்."

குளுக்கோஸ் ஏற்றினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி கொடுத்தார். கையைக் கழுவும்போது, "இதுக்குக் கூட்டு யாரு?" என்று கேட்டார்.

"தனிதான் சார். ஆடுங்களோட நிக்கும்."

"எல்லா ஆட்டோடயும் நிக்காதும்மா. ஏதாவது ஒண்ணு இருக்கும். அது எங்க?"

நான் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். சோப்பை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"வித்துட்டீங்களா? முடிஞ்சா திரும்ப வாங்கிட்டு வாங்க. என் மருந்து பாதிதான்."

வியாபாரிக்குப் போன் செய்தேன். "எந்த ஆடுக்கா? காது கிழிஞ்சதா? அது நேத்து விடியறப்பவே ஆயிடுச்சேக்கா," என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த தூக்கில் இருந்தது எந்த ஆடு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு, எதற்கென்று தெரியாமல், உகாதி அன்று எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். பதினான்கு வருடம் படங்களுக்குக் குறிப்பு எழுதியவள் நான். படத்தில் கழுதை மந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆடுகள் எங்கே, நாய் எங்கே என்று அது பார்க்கவே இல்லை. வண்டி போன திசையைப் பார்த்து நிற்கிறது. படம் சரியாகத்தான் இருந்தது. கீழே நான் எழுதிய வரிதான் தவறு.

பால்காரப் பெண் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் பெயர் தெரியாது, போன் நம்பர் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் பேரக்குழந்தை இருந்ததால் அங்கே ஓடினேன். அவருடைய மருமகள், "போன வாரம் பாலு ஊத்தினா. பண்டிகைக்கு பர்கூர் பக்கம் போறோம்னு சொன்னாக்கா," என்றாள்.

தோட்டக்காரர் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி வைத்திருந்தார். நான் கேட்கும் முன்பே கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க மேடம். செக்யூரிட்டிக்கு ரிலீவர் கூட்டிட்டு வரலாம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு கிருஷ்ணகிரி தாண்டும்வரை வண்டியை எங்கும் நிறுத்தவில்லை. என் கணவர் அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. மருத்துவர் சொன்னபடி மணிக்கொருமுறை தண்ணீர் காட்டுவதற்காகக் கழுதைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போது அவர் லீவு சொல்லி நான் பார்த்ததில்லை.

பர்கூரில் டீக்கடைகளில் விசாரித்தோம். கிரானைட் கல் அறுக்கும் பட்டறைகளுக்குப் பின்னால் இரண்டு கூடாரங்கள் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். போனோம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வா என்று சொல்லவில்லை, என்ன விஷயம் என்றும் கேட்கவில்லை.

"செத்துப் போச்சாம்மா?"

"இன்னும் இல்ல," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மரத்தடியில் சாமான் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கழுதையை அவிழ்த்தாள். என்னுடையதைவிட ஒரு சுற்று இளைப்பு. மற்றபடி அதே முகம், அதே வெள்ளை மூக்கு. வண்டியில் ஏற மறுத்தது. அறுத்துப்போட்ட கல் பலகைகளை அடுக்கி ஒரு சரிவு செய்தோம். அப்போதும் ஏறவில்லை. அவள் முந்தானையால் அதன் கண்ணை மூடி, இரண்டு சுற்று சுற்றவைத்து, காதில் ஏதோ தெலுங்கில் சொல்லி ஏற்றினாள். தானும் பின்னால் ஏறி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பின்னால்தான் உட்கார்ந்தேன்.

வழியில் ஒரே ஒருமுறை பேசினாள்.

"இதுவும் பத்து நாளு சரியா தின்னலம்மா. அப்பறம் குட்டிங்க கூட சேந்து சரியாயிடுச்சு. ஒண்ணா குடுத்துட்டேன்னு எங்க வீட்டுக்காரரு ஒரு மாசம் திட்டினாரு. உன்ன மாதிரி படிச்சவங்ககிட்ட நான் எப்பிடி சொல்றது? சொன்னா வியாபாரம்னு நெனைக்கறீங்கோ."

நான் அப்படித்தான் நினைத்தேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

வண்டி கால்வாய்ச் சாலையில் திரும்பும்போது மணி ஐந்தரை. அந்தத் திருப்பத்தில் வண்டியில் இருந்த கழுதை காதைத் தூக்கிக்கொண்டு கத்தியது. காது அடைத்துப்போகும் சத்தம். அது ஓய்ந்ததும் எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாதியில் உடைந்துபோன, தொண்டை வறண்ட சத்தம். நான்கு நாட்களில் அது எழுப்பிய முதல் குரல்.

என் கணவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். கதையில் வருவதுபோல அவை ஓடிவந்து சேர்ந்துகொள்ளவில்லை. எங்கள் கழுதையால் ஓட முடியாது. நாலைந்து அடி வைத்து நின்றது. மற்றது நிதானமாக நடந்துவந்து, மூக்கோடு மூக்கு வைத்து நெடுநேரம் மோந்தது. பிறகு தாடையை இதன் தோள்மேல் போட்டுக்கொண்டது. அப்படியே நின்றன. பிறகு புதிதாக வந்தது, பயணப் பசியில் இருந்ததோ என்னவோ, கொட்டகைக்குள் போய்க் கேழ்வரகுத் தாளைக் கடித்து இழுத்தது. அதன் வாயிலிருந்து ஒரு கொத்து வெளியே தொங்கியது. எங்கள் கழுதை பக்கத்தில் போய் நின்று, தரையில் கிடந்த தாளை விட்டுவிட்டு, தங்கை வாயில் தொங்கிய நுனியைப் பற்றி இழுத்தது.

"மெல்லுது," என்றார் என் கணவர், மெதுவாக. "ஏய், மெல்லுது பாரு."

பால்காரப் பெண் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோட்டக்காரர் திரும்பி நின்று வண்டியின் கதவைத் தேவையில்லாமல் இரண்டு முறை திறந்து மூடினார்.

இன்னும் ஐந்து நாள் மருந்து தேவைப்பட்டது. பிழைத்துக்கொண்டது. அவள் அன்று திரும்பிப் போகும்போது இரண்டாவது கழுதையை ஓட்டிப்போக மறுத்துவிட்டாள். "இன்னொரு வாட்டி இத பிரிக்க என்னால ஆவாதும்மா," என்றாள். அதற்கு என்ன தருவது என்று பேசி முடித்தோம். இந்த முறை நான் குறைத்துக் கேட்கவில்லை.

கட்டுரையின் அடுத்த வரியும் பொய்யாகவில்லை. இரண்டு கழுதைகளும் நிலத்தின் கோடியில் இருக்கும் புங்கமரத்தடிக்குப் போய்விட்டன. ஒன்றின் கழுத்தை மற்றது கடித்துச் சொறிந்துகொண்டு நாளெல்லாம் அங்கேதான். ஆடுகள் எங்கே போகின்றன என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டே மாதத்தில் நாய்கள் ஒரு குட்டியைத் தூக்கிப்போயின. அதற்குப் பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம் என்று நிலத்தைச் சுற்றிக் கம்பி வலை போட்டோம். தோட்டக்காரர் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "செக்யூரிட்டிங்க ரெண்டு பேரும் வீஆர்எஸ் வாங்கிட்டாங்களா மேடம்?" என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன்.

அந்த ஒன்றரை வருடத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் காவல் என்று பெருமைப்பட்டது, போவதற்கு வேறு துணை இல்லாத ஒரு உயிர், கிடைத்த ஒரு கிழட்டு ஆட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றதைத்தான். அதன் தனிமைதான் எனக்கு வேலியாக இருந்தது. 'ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டபோது, ஏன் ஒன்று என்று நான் கேட்கவே இல்லை.

தொழிற்பேட்டைச் சுவர்களில் 'ஆட்கள் தேவை, தனி நபர்கள் மட்டும்' என்று ஒட்டியிருக்கும் தாள்களை இப்போதும் பார்க்கிறேன். அதே போன்ற விளம்பரங்களை, பத்தியில் அடங்குகின்றனவா என்று மட்டும் பார்த்து எத்தனையோ முறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். நைட் ஷிப்ட் பற்றிய அந்த வேடிக்கையை என் கணவர் பிறகு சொன்னதில்லை. ஊரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று யாராவது லீவு கேட்டு நின்றால், முதலில் உட்காரச் சொல்கிறார் என்று அவருடைய லைனில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. யாராவது ஒரு இடத்தில் அசையாமல் நின்று வேலை செய்வதைப் பார்த்துப் பாராட்டத் தோன்றும்போதெல்லாம், முதலில் அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று பார்க்கிறேன்.